எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தமா? எண்ணெய் வழியற முகத்துக்கு ஆஃப்டர்ஷேவ்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன ரெண்டு எபிசோடும் கொஞ்சம் கனமான டாபிக். இந்த வாரம் பாத்ரூம் அலமாரிக்குப் போறோம். ஷேவ் பண்ணி முடிச்சதும் முகத்துல எதைப் பூசணும்? குறிப்பா, காலையில குளிச்சு கிளம்பி பஸ் ஸ்டாண்ட் போறதுக்குள்ள நெத்தியில அப்பளம் பொரிக்கலாம்ங்கற நிலைமையில இருக்கிறவங்க எதைப் பூசணும்?

இது என் சித்தப்பா பையன் கேட்ட கேள்வி. அவன் சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல வேலை பாக்குறான். தை மாசம் கல்யாணம். "அண்ணே, எதைப் போட்டாலும் மூஞ்சி வழியுது, பரு வேற வருது. நல்லா எரியற மாதிரி ஒரு ஆஃப்டர்ஷேவ் சொல்லுங்கண்ணே" அப்படின்னான். எனக்கு அந்த "நல்லா எரியற மாதிரி"தான் மண்டைக்குள்ள நின்னுடுச்சு. நம்மள்ல பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறோம். எரிஞ்சா கிருமி சாகுது, எண்ணெய் போகுது, மருந்து வேலை செய்யுது. அது எவ்வளவு தூரம் உண்மைன்னு இன்னைக்குப் பாத்துடலாம்.

முகம் ஏன் வழியுது?

தோலுக்குள்ள ஒவ்வொரு முடியோட வேர் பக்கத்துலயும் எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. அது சுரக்கறதுக்குப் பேர் சீபம். தலையிலயும் முகத்துலயும்தான் இந்தச் சுரப்பிகள் நெருக்கமா இருக்கும். நெத்தி, மூக்கு, தாடை இந்த மூணு இடமும் முதல்ல மினுமினுக்கறது அதனாலதான். இந்தச் சுரப்பிக்கு உத்தரவு போடறது ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். பதின்ம வயசுல திடீர்னு முகம் வழிய ஆரம்பிக்கறதும், பொதுவா ஆம்பளைங்களுக்கு எண்ணெய் அதிகமா இருக்கறதும் அதனாலதான்.

இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. தோலோட வெப்பநிலை 1 டிகிரி ஏறினா சீபம் வெளியே வர்ற வேகம் சுமார் 10 சதவீதம் ஏறும்னு 1970-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொல்லுது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் வெயில் எப்படின்னு நான் சொல்ல வேண்டியதில்லை. வறண்ட பூமி, மழை குறைவு. தீப்பெட்டித் தொழிலும் பட்டாசும் அச்சும் அங்கே வேரூன்றினதுக்கு அந்தக் காய்ஞ்ச காத்தும் ஒரு காரணம். அதே வெயில் பட்டாசுக்கு நல்லது, முகத்துக்குச் சோதனை. சென்னையில ஏசி ஆபீஸ்ல உக்காந்திருக்கற எனக்கு ஒத்துவர்றது, மெஷின் சூட்டுல எட்டு மணி நேரம் நிக்கற அவனுக்கு ஒத்துவரணும்னு இல்லை. யாரோ யூடியூப்ல சொன்னாங்கன்னு வாங்கறதுக்கு முன்னாடி, அவங்க எந்த ஊர்ல இருந்து சொல்றாங்கன்னு பாருங்க.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். உத்தரவு ஹார்மோன்கிட்ட இருந்து வருது. அதனால மேல எதைத் தேய்ச்சு எண்ணெயைத் துடைச்சாலும் அது அந்த நேரத்துக்குத்தான். சில மணி நேரத்துல திரும்ப வந்துடும். ஆல்கஹால் ஆஃப்டர்ஷேவ் போட்டதும் முகம் காகிதம் மாதிரி வறவறன்னு ஆகறது மேல இருந்த எண்ணெய் கரைஞ்சதால. சுரப்பி பாட்டுக்கு அதோட வேலையைப் பார்த்துட்டுத்தான் இருக்கும்.

சரி, ஏன் எரியுது?

இதுக்குப் பதில் விருதுநகர் வத்தல் மண்டியில இருக்கு. நிஜமாத்தான். மிளகாய் வத்தல் பட்ட கையால கண்ணைத் தொட்டா எரியுது இல்லையா? நரம்பு முனையில ஒரு வெப்ப சென்சார் இருக்கு, பேர் டிஆர்பிவி1. சாதாரணமா 42, 43 டிகிரி சூடு பட்டாத்தான் அது "சுடுது"ன்னு மூளைக்கு மெசேஜ் அனுப்பும். மிளகாயில இருக்கற கேப்சைசின் அதே சென்சாரைத் தட்டிவிடும். இந்த சென்சாரைக் கண்டுபிடிச்சதுக்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைச்சது, ஆர்டெம் படபூட்டியனோட சேர்த்து.

ஆல்கஹால் என்ன பண்ணுதுன்னா, இந்த சென்சாரோட அளவுகோலையே கீழே இறக்கிடுது. 42-ல் அடிக்க வேண்டிய அலாரம் 34 டிகிரியிலயே அடிக்குது. இது 2002-ல் வந்த ஆய்வு. நம்ம முகத்துத் தோலோட சூடே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். ஆக, சொந்த உடம்புச் சூடே நமக்குச் சுடுது! புரோகிராமர் பாஷையில சொன்னா, சர்வர்ல பிரச்சினை எதுவும் இல்லை, யாரோ அலர்ட் லிமிட்டைக் குறைச்சு வெச்சுட்டாங்க. அதுக்கும் பரு குணமாகறதுக்கும் சம்பந்தம் கிடையாது.

"ஐஸ் கூல்"னு விக்கறதும் இதே கதைதான். மென்தால் குளிர்ச்சியை உணர்ற வேற ஒரு சென்சாரைத் தட்டுது. "குளிருது"ங்கற மெசேஜ் போகும், தோலோட காயம் அப்படியேதான் இருக்கும்.

ஆல்கஹால் கிருமியைக் கொல்லாதான்னு கேட்டா, கொல்லும். 60 சதவீதத்துக்கு மேல இருந்தா நல்லாவே கொல்லும். அந்தக் காலத்துல சலூன்ல எல்லாருக்கும் ஒரே சவரக்கத்தி இருந்தப்போ அதுக்கு ஒரு அர்த்தம் இருந்தது. இப்போ நீங்க வீட்டுல உங்க ரேஸர், புது பிளேடு, கழுவின முகம்னு இருக்கும்போது தேவை வேற.

ஷேவ் பண்றப்போ போறது முடி மட்டும் இல்லை

தோலோட ஆக மேல் அடுக்கு இருக்கே, அது சுமார் 10-லிருந்து 20 மைக்ரான் தடிமன். இதைப் பிரஸ்காரங்களுக்குச் சொல்றது ஈஸி. சாதாரண 80 ஜிஎஸ்எம் பேப்பர் ஏறக்குறைய 100 மைக்ரான். அதுல அஞ்சுல ஒரு பங்குகூட சில இடத்துல இல்லாத ஒரு படலம்தான் வெளியுலகத்துக்கும் நமக்கும் நடுவுல இருக்கற சுவர். பிளேடு ஓடும்போது முடியோட சேர்ந்து இந்தச் சுவர்ல இருந்தும் கொஞ்சம் செதிலாப் போகுது. உள்ளே இருக்கற ஈரம் ஆவியா வெளியேற ஆரம்பிக்குது.

இங்கதான் எண்ணெய்ச் சருமக்காரங்க குழம்புறாங்க. எண்ணெய் இருக்கறதும் ஈரம் இருக்கறதும் ஒண்ணு இல்லை. மேல எண்ணெய் வழிஞ்சுட்டே, உள்ள தண்ணி இல்லாம தோல் இழுத்துப் பிடிக்கலாம், செதில் விடலாம். "எனக்கு எண்ணெய் முகம், எனக்கு எதுக்கு மாய்ஸ்சரைசர்?"னு கேக்கறது, ஊர்ல வெள்ளம் வந்திருக்கு, எனக்கு எதுக்குக் குடிதண்ணின்னு கேக்கற மாதிரி.

ஆக எண்ணெய்ச் சருமத்துக்கு ஆஃப்டர்ஷேவ் மூணு வேலை செய்யணும். பிளேடு பட்ட இடத்தை அமைதிப்படுத்தணும். எண்ணெய் சேர்க்காம ஈரத்தைப் பிடிச்சு வைக்கணும். மேல பிசுபிசுன்னு படலம் விடாம இருக்கணும். எரியறது இந்த லிஸ்ட்ல இல்லை. வாசனை இருந்தா போனஸ், அவ்வளவுதான்.

பாட்டிலைத் திருப்புங்க

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்த கதை சிவகாசியில பிறந்த எல்லாருக்கும் தெரியும். தீப்பெட்டி வந்ததால லேபிள் வேணும், லேபிள் வேணும்னதால அச்சகம் வந்தது. இன்னைக்கு நாட்டுல பாதி சுவர்ல தொங்கற காலண்டர் அங்க அடிச்சதுதான்னு நாங்க பெருமையாச் சொல்லிக்குவோம். அதனால எங்க ஊர்க்காரனுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும்: முன்பக்கம் கண்ணை இழுக்கறதுக்காக டிசைன் பண்றது. சிங்கம் போடலாம், கழுகு போடலாம், "மென்", "பவர்", "ஆயில் கன்ட்ரோல்"னு என்ன வேணா போடலாம். விஷயம் பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கு.

இந்தியாவுல அழகுசாதனப் பொருள் லேபிளுக்கு விதி இருக்கு. 1 சதவீதத்துக்கு மேல இருக்கற பொருட்களை அதிகத்துல இருந்து குறைவுங்கற வரிசையில எழுதணும். அதுக்குக் கீழ இருக்கறதை எந்த வரிசையிலயும் எழுதலாம். அதனால முதல் அஞ்சு பேரைப் படிச்சாலே பாட்டிலோட ஜாதகம் தெரிஞ்சுடும். ஒரு ஓட்டை என்னன்னா, 60 மில்லிக்குக் குறைவான திரவப் பாட்டிலுக்கு இந்தப் பட்டியல் கட்டாயம் இல்லை. கடை அண்ணாச்சிகிட்ட சின்னப் பாட்டில் வாங்கி டெஸ்ட் பண்ணலாம்னு நினைச்சா, அதுல பட்டியலே இல்லாமப் போகலாம். அப்போ கடையிலயே பெரிய பாட்டிலை எடுத்துப் படிச்சுட்டு, சின்னதை வாங்குங்க.

சரி, எதைத் தேடணும்?

முதல் பேரே "ஆல்கஹால் டினாட்"னு இருந்தா, அது பழைய பாணி ஸ்பிளாஷ். 1938-ல் அமெரிக்காவுல வந்த ஓல்டு ஸ்பைஸ்ல இருந்து நம்ம அப்பாங்க காலத்து ஆஃப்டர்ஷேவ் பெரும்பாலும் இந்த வகைதான். பரு இல்லை, தோல் சிவக்கலை, அந்த வாசனை பிடிச்சிருக்குன்னா தாராளமாப் போடுங்க. நான் யாரோட ஞாயித்துக்கிழமை வாசனையையும் பறிக்க வரலை. ஆனா பரு இருக்கறவங்க, ஷேவ் பண்ணினா சிவக்கறவங்க இதைத் தவிர்க்கறது நல்லது. அதே சமயம் "சீட்டைல் ஆல்கஹால்", "ஸ்டீயரைல் ஆல்கஹால்"னு பாத்துப் பயந்துடாதீங்க. அதெல்லாம் மெழுகு மாதிரி கொழுப்பு வகை, பேருலதான் ஆல்கஹால். அது எரியாது, காயவும் வைக்காது.

ரெண்டாவது வகை, பாம். வெள்ளையா கிரீம் மாதிரி இருக்கும். வறண்ட சருமத்துக்கு அருமை. எண்ணெய்ச் சருமத்துக்கு, முதல் அஞ்சுக்குள்ள ஷியா பட்டர், தேங்காய் எண்ணெய், மினரல் ஆயில்னு வந்தா வேண்டாம். நம்ம வெயில்ல அது முகத்துல உக்காந்துக்கும்.

மூணாவது, ஜெல் அல்லது தண்ணியா இருக்கற லோஷன். என் வோட்டு இதுக்குத்தான். முதல்ல தண்ணி, அடுத்து கிளிசரின், அப்புறம் நியாசினமைடு, பாந்தெனால், அலன்டோயின், கற்றாழை மாதிரி பேருங்க இருந்தா நல்லது. இதுல நியாசினமைடு கொஞ்சம் ஸ்பெஷல். இது வைட்டமின் பி3 வகை. 2 சதவீத நியாசினமைடு பூசினவங்களுக்கு ரெண்டு வாரத்துலயும் நாலு வாரத்துலயும் சீபம் சுரக்கற வேகம் குறைஞ்சதுன்னு ஜப்பானியர்கள்கிட்ட நடந்த ஆய்வு 2006-ல் வந்திருக்கு. மேஜிக் இல்லை, ஆனா எண்ணெயைக் குறைக்கறதுக்கு ஆதாரம் இருக்கற ஒரு பேர். "ஆஃப்டர்ஷேவ்"னு பாட்டில்ல எழுதியிருக்கணும்னுகூட இல்லை. வாசனை சேர்க்காத ஒரு ஜெல் மாய்ஸ்சரைசரே இந்த வேலையைப் பண்ணிடும்.

சாலிசிலிக் ஆசிட் பருவுக்கு நல்லதுதான். ஆனா ஷேவ் பண்ணின அடுத்த நிமிஷம் போடாதீங்க. ஷேவ் பண்ணாத நாள் ராத்திரி வெச்சுக்கலாம்.

படிகாரம் போதாதா?

போதும், ஒரு வேலைக்கு. படிகாரம்ங்கறது பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். தோலை இறுக்கும், சின்ன வெட்டுல ரத்தத்தை நிறுத்தும். சலூன்ல ஈர முகத்துல அந்தக் கல்லைத் தேய்க்கறப்போ சுருக்குன்னு பிடிக்குமே, அது இதுதான். ஆனா ஈரத்தைக் காப்பாத்தாது, காயத்தான் வைக்கும். அதனால தேய்ச்சு ஒரு நிமிஷம் கழிச்சுக் கழுவிட்டு, மேல ஜெல் போடுங்க.

சலூன்ல மட்டும் ஒரு கண்டிஷன். பத்துப்பேர் வெட்டுக்காயத்துல தேய்ச்ச அதே கல்லை உங்க முகத்துல தேய்க்க விடாதீங்க. "அண்ணே, கல்லு வேண்டாம்ணே, புது பிளேடு மட்டும் போட்டுக்கோங்க"ன்னு சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. உங்க கண்ணு முன்னாடி பிளேடை உடைச்சு மாட்டறாங்களான்னு பாருங்க. சொந்தக் கல்லு வீட்டுல வெச்சுக்கோங்க, வருஷக்கணக்கா வரும்.

பட்டாசு ஆபீஸ் போறவங்களுக்கு

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விளக்கம்: எங்க ஊர்ல பட்டாசு ஆலையை "ஆபீஸ்"னுதான் சொல்லுவோம். அலுமினியப் பவுடர், கந்தகம்னு நுண்ணிய தூசி இருக்கற இடம். காலையில ஷேவ் பண்ணி, திறந்திருக்கற தோலோட அந்தத் தூசிக்குள்ள போறதைவிட, வேலை முடிஞ்சு வந்து முகம் கழுவி சாயங்காலம் ஷேவ் பண்றது நல்லது. ராத்திரி முழுக்கத் தோலுக்கு ஓய்வு கிடைக்கும். பிரஸ், தீப்பெட்டி ஆபீஸ், கட்டட வேலை, பைக்ல டெலிவரி எல்லாருக்கும் இதே யோசனைதான்.

இன்னொண்ணு. ஆல்கஹால் ஆஃப்டர்ஷேவ் தீப்பிடிக்கற பொருள். சுத்தமான எத்தனாலோட ஆவி சுமார் 13 டிகிரியிலயே பத்திக்கக்கூடியது. தண்ணி கலந்தா அந்த அளவு சில டிகிரி ஏறும், அவ்வளவுதான். சிவகாசியில மார்கழி விடியக்காலையிலகூட அதைவிடச் சூடாத்தான் இருக்கும். முகத்துல பூசினது சீக்கிரம் ஆவியாயிடும், அது பெரிய விஷயம் இல்லை. பாட்டிலை டிபன் பையில போட்டு வேலைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, அதுதான் விஷயம். தீபாவளி காலையில ஷேவ் பண்ணிட்டு ஈர முகத்தோட உடனே மத்தாப்பு கொளுத்த ஓடாதீங்க, காயட்டும்.

அந்த டியூப்

இந்த எபிசோட் பண்ணணும்னு எனக்குத் தோணினதுக்கு நிஜக் காரணம் இதுதான். தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றதுக்காக "இப்ப என்னடா போடுற?"ன்னு கேட்டேன். ஒரு டியூபைக் காட்டினான். ஷேவ் பண்ணினதும் சிவப்பு வருதுன்னு மருந்துக்கடையில கேட்டு வாங்கியிருக்கான். நாலு மாசமா ஷேவ் முடிச்சதும் அதைத்தான் ஆஃப்டர்ஷேவ் மாதிரி பூசுறான். "இது போட்டா ஒரே நாள்ல சிவப்பு போயிடுதுண்ணே, முகம் வெளுக்கவும் செய்யுது. விட்டாத்தான் முன்னைவிட மோசமா வருது" அப்படின்னான்.

திருப்பிப் பார்த்தா ஸ்டீராய்டு கிரீம்.

ஒரே நாள்ல சிவப்பு போறதும், விட்டா முன்னைவிட மோசமா திரும்பறதும் சேர்ந்து வந்தா அது பெரிய எச்சரிக்கை. முகத்துல மாசக்கணக்கா ஸ்டீராய்டு போட்டா தோல் மெலியும், ரத்த நாளம் வெளியே தெரியும், பரு கூடும், வெயில் பட்டாலே எரியும். நம்ம நாட்டுத் தோல் டாக்டர்கள் இதைப் பத்திப் பல வருஷமா எச்சரிச்சுட்டு இருக்காங்க. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு ஷெட்யூல் எச் பட்டியலுக்குக் கொண்டுவந்தது. இருந்தும் கைக்குக் கிடைக்குது.

டியூப்ல க்ளோபீடசால், பீட்டாமெதசோன், மோமெடசோன், ஃப்ளூசினோலோன்னு ஏதாவது ஒரு பேர் இருந்தா அது ஸ்டீராய்டு. டாக்டர் ஒரு நோய்க்கு, குறிப்பிட்ட நாளுக்குன்னு எழுதிக் கொடுத்தா அது நல்ல மருந்து. நம்மளா தினம் பூசினா ஆபத்து. ஏற்கெனவே மாசக்கணக்கா போட்டுட்டு இருந்தா, நான் சொன்னேன்னு நாளைக்கே தூக்கி எறிஞ்சுட்டு வீட்டுல உக்காந்து தவிக்காதீங்க. நிறுத்தற முறையை டாக்டர்தான் சொல்லணும். விருதுநகர்ல 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. அங்க தோல் பிரிவுக்குப் போறதுக்குக் கன்சல்டிங் ஃபீஸ் கிடையாது. தம்பியை அங்கதான் அனுப்பினேன். கல்யாணத்துக்கு முன்னாடி முகம் சரியாயிடுமான்னு கேட்டான். டாக்டர் அவசரப்படாதேன்னு சொல்லியிருக்கார். போட்டோல கொஞ்சம் சிவப்பாத் தெரிஞ்சா பரவாயில்லைடா, பொண்ணு போட்டோவையா கட்டிக்கப் போகுதுன்னு நானும் சொன்னேன்.

எப்படி டெஸ்ட் பண்றது?

டீபக் பண்றவங்களுக்குத் தெரியும், ஒரே நேரத்துல நாலு லைனை மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது. முகமும் அப்படித்தான். ஃபேஸ்வாஷ், ரேஸர், ஆஃப்டர்ஷேவ் எல்லாத்தையும் ஒரே வாரத்துல மாத்தாதீங்க.

முதல்ல ஷேவ் பண்ற முறை. முகத்தை நல்லா நனைச்சு, கூர்மையான பிளேடுல, முடி வளர்ற திசையில ஒரு தடவை. கழுத்துல மட்டும் முடி முளைக்கற இடத்துல சின்னச் சின்னக் கட்டி வருதுன்னா, அது பெரும்பாலும் பரு இல்லை, முடி உள்பக்கமா வளைஞ்சு குத்தறது. அதுக்கு எந்த ஆஃப்டர்ஷேவும் மருந்து இல்லை. ஒட்டச் சிரைக்காம, ட்ரிம்மருக்கு மாறிப் பாருங்க.

அப்புறம் புதுப் பொருளைத் தாடைக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்துல மூணு நாலு நாள் போட்டுப் பாருங்க. அரிப்போ தடிப்போ வந்தா, பெரும்பாலும் வாசனைப் பொருள்தான் காரணமா இருக்கும், அடுத்ததுக்குப் போங்க. எதுவும் வரலைன்னா முகம் முழுக்கப் போட்டு நாலு வாரம் விடுங்க. வாரம் ஒரு தடவை ஒரே வெளிச்சத்துல, ஃபில்டர் இல்லாம ஒரு செல்ஃபி எடுத்து வெச்சுக்கோங்க. அதுதான் உங்க லாக் ஃபைல். மினுமினுப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அது வியாதி இல்லை, நம்ம ஊர் வெயில். சிவப்பு குறையுதா, புதுப் பரு குறையுதா, அதைப் பாருங்க.

சுருக்கமா: எண்ணெய்ச் சருமம்னா ஜெல் அல்லது லேசான லோஷன். முதல் அஞ்சு பேரைப் படிங்க. எரியறதை வெச்சு மார்க் போடாதீங்க. டியூப்ல ஸ்டீராய்டு பேர் இருந்தா டாக்டர்கிட்ட போங்க.

இதைக் கேட்டுட்டு இருக்கும்போதே உங்களுக்கு ஒரு தம்பியோ ரூம்மேட்டோ ஞாபகம் வந்திருந்தா, லிங்க்கை அவங்களுக்கு அனுப்புங்க. ஆம்பளைப் பசங்க முகத்தைப் பத்தி யார்கிட்டயும் கேக்க வெட்கப்படுவாங்க, மருந்துக்கடையில மெதுவா காதுல கேப்பாங்க. நீங்களே முதல்ல கேட்டுடுங்க. அடுத்த வாரம் சன்ஸ்கிரீன் பத்தி, அதுவும் வேர்க்கற ஊருக்கு எதுன்னு பேசலாம்.